தடுத்தவருக்கு நன்றி: சாலமன் எலிமிமியனுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய சாலமன் எலிமிமியன் அவர்களுக்கு,



பிரிட்டிஷ் கொலம்பியாவின் சர்ரே நகரிலிருந்து எழுதுகிறேன். பி.சி. லயன்ஸ் அணியின் பயிற்சி மைதானம் இருக்கும் அதே ஊர். 2010 முதல் 2018 வரை ஒன்பது பருவங்கள், 56ஆம் எண் சட்டையில், அந்த அணிக்காக ஆடினீர்கள். 2023ஆம் ஆண்டு கனடியக் கால்பந்துப் புகழ் மண்டபத்தில் உங்களைச் சேர்த்தார்கள். கோப்பை, விருது, சாதனை எதுவும் உங்களுக்குக் குறைவில்லை. ஆனாலும் என் பங்குக்குச் சொல்லவேண்டிய நன்றி ஒன்று பாக்கியிருக்கிறது.

நான் ஒரு மருத்துவமனையில் துப்புரவுப் பணியாளர். நோயாளி வீடு திரும்பியதும் அந்த அறைக்குள் முதலில் போகிறவள். கட்டில் கம்பி, கதவுப் பிடி, விளக்குச் சுவிட்ச், செவிலியரைக் கூப்பிடும் மணிப் பொத்தான் என்று கை படும் இடமெல்லாம் கிருமிநாசினி போட்டுத் துடைப்பேன். மருந்து ஈரம் உடனே காய்ந்துவிடக் கூடாது. குறிப்பிட்ட நேரம் ஈரமாக நின்றால்தான் கிருமி சாகும். அதுவரை பொறுத்திருந்து, பிறகுதான் அடுத்தவருக்குப் படுக்கை விரிப்பேன். என் வேலை சரியாக நடந்தால், அந்தக் கட்டிலில் அடுத்துப் படுப்பவருக்குப் புதிதாக ஒரு தொற்றும் வராது. வந்த நோயைத் தீர்த்த டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறவர்கள் உண்டு. வராத நோய்க்கு யார் போய் யாரிடம் நன்றி சொல்வார்கள்?

உங்கள் வேலையும் தடுக்கும் வேலைதான். எதிரணி போட்டிருக்க வேண்டிய புள்ளியைப் போடவிடாமல் செய்வது. நடக்காமல் போன ஒன்றைப் பலகையில் காட்ட முடியாது. அப்படிப்பட்ட வேலைக்கு ஒரு நாட்டையே எழுந்து நின்று கைதட்ட வைத்தீர்கள். அந்தக் கைதட்டலோடு நின்றுவிடாமல், உங்களைப் போல உடம்பை முட்டுக்கொடுத்துப் பிழைக்கும் நூற்றுக்கணக்கான வீரர்களுக்காகப் பேச்சுவார்த்தை மேசையிலும் போய் உட்கார்ந்தீர்கள். இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். என்னைப் போலவே இந்த நாட்டில் மருத்துவமனையிலும் கிடங்கிலும் சமையற்கட்டிலும் முதியோர் இல்லத்திலும் உழைக்கிற தமிழர்கள் உங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. உங்களுக்கான ஆங்கிலப் பிரதியை என் மகன் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். ஆட்டம் தெரியாதவர்களுக்காக நான் கொஞ்சம் விளக்கிச் சொல்லும்போது பொறுத்துக்கொள்ளுங்கள்.

கனடியக் கால்பந்து, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் ஆடும் ஆட்டம். அமெரிக்கக் கால்பந்துக்கு உடன்பிறப்பு என்றாலும் குணம் வேறு. அமெரிக்காவில் அணிக்குப் பதினொரு பேர், இங்கே பன்னிரண்டு பேர். நீங்கள் ஆடிய காலத்துக் கனடிய மைதானத்தின் நீளம் 110 யார்டு, அகலம் 65 யார்டு. அமெரிக்க மைதானத்தைவிட எல்லாப் பக்கமும் பெரிது. பந்தை வைத்திருக்கும் அணி பத்து யார்டு முன்னேற அங்கே நான்கு வாய்ப்பு, இங்கே மூன்றே வாய்ப்பு. பந்து பிடிக்க ஓடுகிறவர்கள், ஆட்டம் தொடங்கும் முன்பே கோட்டை நோக்கி ஓடிவந்து வேகம் பிடித்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் அதற்கு அனுமதி இல்லை. ஆகவே தடுக்கிறவர்களுக்கு இங்கே காக்க வேண்டிய இடமும் அதிகம், எதிரில் வருகிறவர்களின் வேகமும் அதிகம்.

லைன்பேக்கர் என்பவர் தடுக்கும் அணியின் இரண்டாம் வரிசை. முன்வரிசையில் மலை போன்ற ஆட்கள் மோதிக்கொள்வார்கள். கடைசி வரிசையில் வேகக்காரர்கள் பந்து பறந்து வருவதைக் காப்பார்கள். நடுவில் நிற்கும் லைன்பேக்கர் இரண்டு வேலைக்கும் பொறுப்பு. சடுகுடு பார்த்து வளர்ந்த நம்மவர்களுக்கு இது எளிதில் புரியும். பாடிக்கொண்டு வருகிறவன் பெயரைத்தான் ஊரே கத்தும். அவன் தொடையைக் கட்டிப்பிடித்து, கோட்டைத் தொடவிடாமல் சாய்க்கிறவனை அவன் வீட்டார்தான் கவனிப்பார்கள். அந்தப் பிடிக்கிற கூட்டத்துக்குத் தலைவராக நின்றவர் நீங்கள், நடு லைன்பேக்கர்.

உங்கள் வேலையின் நுணுக்கம் தெரிந்த பிறகு, பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்களையே பார்க்கத் தொடங்கினேன். ஒரு மோதல் முடிந்து, நடுவர் விசில் ஊதியதிலிருந்து அடுத்ததைத் தொடங்க எதிரணிக்கு இருந்தது இருபது விநாடிகள். அதற்குள் உங்கள் அணி எந்த அமைப்பில் நிற்க வேண்டும் என்ற கட்டளையைப் பயிற்சியாளரிடமிருந்து வாங்கி, பதினொரு பேருக்கும் கையாலும் குரலாலும் சொல்வீர்கள். பிறகு முழங்காலைச் சற்று மடக்கி, குதிகாலைத் தூக்கி, எதிரணி முன்வரிசைக்காரனின் கையைப் பார்ப்பீர்கள். தரையில் ஊன்றிய விரல்களில் அவன் பாரம் முழுவதும் இறங்கியிருந்தால் முன்னால் பாயப் போகிறான், அதாவது பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். பாரம் பின்னால் குதிகாலில் இருந்தால் எறியும் ஆட்டமாக இருக்கலாம். பந்து அசைந்ததும் முதல் எட்டு. அந்த எட்டு தப்பான பக்கம் விழுந்தால் திருத்திக்கொள்ள அவகாசம் கிடையாது. ஓடுகிறவனிடம் பந்தைக் கொடுப்பது போலக் கொடுத்து, கொடுக்காமல் இழுத்துக்கொள்ளும் ஏமாற்று வேலையும் உண்டு. அதற்குள் நூற்று முப்பது கிலோ எடையுள்ள ஒருவன் உங்கள் மார்பைக் குறிவைத்து வருவான். அவன் கையைத் தட்டிவிட்டு, அவனைச் சுற்றிக்கொண்டு, இரண்டு ஆட்களுக்கு நடுவில் திறக்கும் சந்தை ஓடுகிறவன் எட்டுவதற்குள் நீங்கள் எட்ட வேண்டும். தலையை நிமிர்த்தி, தோளை அவன் இடுப்பில் பதித்து, இரண்டு கையாலும் அவனைக் கட்டி, காலை நிறுத்தாமல் உந்தித் தள்ளி விழுத்தாட்ட வேண்டும். எழுந்து திரும்பி நடந்து, அடுத்த இருபது விநாடிக்குள் மறுபடி முதலிலிருந்து. ஒரே இரவில் இப்படி ஐம்பது அறுபது முறை.

இந்த வேலைக்கு நீங்கள் வந்து சேர்ந்த வழி நேர்வழி இல்லை. 1986இல் நைஜீரியாவின் இபாடன் நகரில் பிறந்தீர்கள். லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தீர்கள். உங்கள் அண்ணன் ஆபிரகாம் ஆடிய அதே ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்கு நீங்களும் போனீர்கள். 2007இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் அணி பருவத்தின் பன்னிரண்டு ஆட்டங்களிலும் தோல்வியே இல்லாமல் வென்றது. பருவ முடிவில் நடந்த ஷுகர் பவுல் போட்டியில்தான் ஜார்ஜியாவிடம் 41-10 என்று விழுந்தது. அடுத்த ஆண்டு, உங்கள் பிராந்தியக் கூட்டமைப்பின் சிறந்த தடுப்பாட்டக்காரர் என்ற விருது உங்களுக்கு வந்தது. அதற்குப் பிறகு, அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2009 தேர்வில் 256 பெயர்களைக் கூப்பிட்டார்கள். உங்கள் பெயர் அதில் இல்லை.

இந்த இடத்தைப் படிக்கும்போது பல தமிழர்களுக்கு மனசுக்குள் ஏதோ தட்டும் என்று நினைக்கிறேன். ஊரில் ஆசிரியராகவும் பொறியாளராகவும் கணக்காளராகவும் இருந்தவர்கள், இங்கே வந்து எந்தப் பட்டியலிலும் தங்கள் பெயர் இல்லை என்று தெரிந்துகொண்ட நாள் ஒன்று அவர்களுக்கும் உண்டு. அதன் பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் ஒருவரின் மிச்ச வாழ்க்கை இருக்கிறது. நீங்கள் எல்லை கடந்து வடக்கே வந்தீர்கள். கேம்லூப்ஸ் நகரத்துப் பயிற்சி முகாமில் இன்னொரு புதுமுகமாக நின்றீர்கள்.

2010இல் லயன்ஸ் அணிக்குச் சொந்த மைதானம்கூட இல்லை. பி.சி. பிளேஸ் அரங்கத்துக்குப் புதுக் கூரை போடும் வேலை நடந்ததால், பொருட்காட்சித் திடல் பக்கம் தற்காலிகமாகக் கட்டிய எம்பயர் ஃபீல்டில்தான் ஆட்டம். திறந்த வானம், மழை. அந்தப் பருவத்திலேயே கனடியக் கால்பந்து லீக்கின் தலைசிறந்த புதுமுக வீரர் விருதை வாங்கினீர்கள். அடுத்த ஆண்டு நடந்ததை இந்த மாகாணம் மறக்காது. தொடர்ந்து ஐந்து தோல்வி. ஏழு ஆட்டம் முடிந்தபோது ஒரே ஒரு வெற்றி. பிறகு மிச்சம் இருந்த பதினொன்றில் பத்தை வென்று, பயிற்சியாளர் வாலி புவோனோவின் அணி மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்தது. 2011 நவம்பர் 27 அன்று, புதுக் கூரை போட்ட சொந்த அரங்கத்தில், வின்னிபெக்கை 34-23 என்று வென்று லீக்கின் வெற்றிக் கோப்பையான கிரே கோப்பையைத் தூக்கினீர்கள்.

ஆனால் நான் நன்றி சொல்ல வந்தது 2014க்கு.

அந்தப் பருவத்தில் லயன்ஸ் அணி பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. ஒன்பது வெற்றி, ஒன்பது தோல்வி. கடைசியில் மான்ட்ரியாலிடம் 50-17 என்று தோற்று வெளியேறியது. நீங்கள் மட்டும் அந்தப் பருவத்தில் 143 டேக்கிள் செய்தீர்கள். பந்து வைத்திருப்பவரைப் பிடித்து விழுத்தாட்டுவதுதான் டேக்கிள். லீக்கின் ஒரு பருவச் சாதனையாக 1994இல் கால்வின் டிகிள் வைத்திருந்த 129ஐ இருபது ஆண்டாக யாரும் தாண்டியிருக்கவில்லை. நீங்கள் ஒன்றிரண்டில் தாண்டவில்லை. பதினான்கு கூடுதலாக வைத்தீர்கள். பதினெட்டு ஆட்டப் பருவத்தில் சராசரியாக ஆட்டத்துக்கு எட்டு என்று வைத்துக்கொள்ளலாம். சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது உங்களுக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். அதுவும் கிடைத்தது. அதற்கு மேல் இன்னொன்றும் கிடைத்தது: லீக்கின் தலைசிறந்த வீரர் விருது.

1953இலிருந்து கொடுக்கப்படும் விருது அது. பந்தை எறிகிறவர்களும், தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களும், பாய்ந்து பிடிக்கிறவர்களும் மாறி மாறி வாங்கிக்கொண்டிருந்தார்கள். டக் ஃப்ளூட்டி என்ற, பந்தை எறியும் குவாட்டர்பேக் ஒருவரே ஆறு முறை வாங்கினார். தடுப்பாட்டம் ஒன்றை மட்டுமே ஆடிய ஒருவர் அந்த விருதை வாங்கியது, அறுபது ஆண்டுக்கு மேலான அதன் வரலாற்றில், அன்றுதான் முதல் முறை. அதை வாங்கியவர் நீங்கள்.

செய்தி வந்த மறுநாள் வேலைக்குப் போனபோது எனக்கு வேறு யாரிடமும் சொல்லத் தெரியாத ஒரு சந்தோஷம். ஒரு புள்ளிகூடப் போட வேண்டிய அவசியமில்லாத ஒரு மனிதரை, லீக்கிலேயே எல்லாரையும்விடப் பெரிய வீரர் என்று எழுத்தாளர்களும் பயிற்சியாளர்களும் கூடி ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தடுக்கும் வேலையை எண்ணிப் பார்க்க முடியும், எண்ணினால் அதன் பெருமை தெரியும் என்று நீங்கள் காட்டிவிட்டீர்கள். எங்கள் வேலையிலும் அதற்கு வழி உண்டு. துடைத்த இடங்களில் கண்ணுக்குத் தெரியாத குறியிட்டு, புறஊதா விளக்கடியில் எத்தனை குறி அழிந்திருக்கிறது என்று சோதிப்பார்கள். அந்தச் சோதனையை முன்பெல்லாம் குற்றம் கண்டுபிடிக்க வரும் ஆளைப் போலத்தான் நாங்கள் பார்ப்போம். உங்கள் 143க்குப் பிறகு, அது எங்கள் டேக்கிள் கணக்கு என்று சகபணியாளர்களிடம் சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல, அதை நிமிர்ந்து நின்று எதிர்கொள்ளும் பழக்கம் எங்களுக்கு வந்தது.

உங்கள் பக்கத்தில் நின்ற ஆடம் பிக்ஹிலையும் சொல்லாமல் போக மனமில்லை. லைன்பேக்கருக்கு வேண்டிய உயரம் அவருக்குப் போதாது என்று பலர் நினைத்தார்கள். நீங்கள் இருவரும் ஒரே வரிசையில் நின்று ஒருவர் விட்ட சந்தை ஒருவர் அடைத்த அழகு தனி. 2014இல் சிறந்த தடுப்பாட்டக்காரர் நீங்கள், 2015இல் அவர், 2016இல் மறுபடி நீங்கள். மூன்று ஆண்டு அந்த விருது வான்கூவரை விட்டு வெளியே போகவில்லை. பொறாமைக்கு இடமுள்ள இடத்தில் இரண்டு பேர் ஒருவரையொருவர் உயர்த்திக்கொண்டதை நாங்கள் பார்த்தோம்.

நடுவில் இருந்த 2015 உங்களுக்குக் கொடுமையான ஆண்டு. பருவத்தின் பாதியில் குதிகால் தசைநார் அறுந்தது. காலின் ஆடுதசையைக் குதிகாலோடு கட்டிவைத்திருக்கும் தடித்த நார் அது. முதல் எட்டை வைத்துப் பிழைக்கும் லைன்பேக்கருக்கு, அந்த எட்டுக்கான வில் அதுதான். அதை அறுத்துக்கொண்டு திரும்பி வந்தவர்களில் பலரால் பழைய வேகத்தைத் தொட முடிந்ததில்லை. நீங்கள் அடுத்த ஆண்டே வந்து அந்த விருதை வாங்கினீர்கள். 2017இல் 144 டேக்கிள் செய்து, உங்கள் சாதனையை நீங்களே ஒன்றால் தாண்டினீர்கள். அந்த ஆண்டும் அணிக்கு வெற்றி ஏழுதான், தோல்வி பதினொன்று. தோற்கும் அணியில் நின்றுகொண்டு, கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடம் வரை, முதல் ஆட்டத்தின் முதல் நிமிடம் போலவே ஓடினீர்கள். புகழ் மண்டபத்தில் உங்கள் பெயர் இருப்பதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய நியாயம் இது.

2018இல் மறுபடி காயம். 2019 பருவம் தொடங்கும் முன் லயன்ஸ் உங்களை விடுவித்தது. ஒன்பது பருவங்கள் ஓர் அணிக்காக உடம்பைக் கொடுத்தவரை ஒரே அறிவிப்பில் அனுப்பிவிடும் அளவுக்குத்தான் அந்த லீக்கின் ஒப்பந்தங்கள் இருந்தன. ஒரு வீரர் எத்தனை ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தாலும், மீதிச் சம்பளத்துக்கு அப்போது உத்தரவாதம் இருக்கவில்லை. நீங்கள் சஸ்காச்சுவான் ரஃப்ரைடர்ஸ் அணிக்குப் போய், ரெஜைனாவில் பச்சைச் சட்டை போட்டு ஆடினீர்கள். அந்த ஆண்டு அந்த அணி பதின்மூன்று ஆட்டங்களை வென்று மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்தது. உங்களுக்கு இன்னும் ஆட்டம் மிச்சம் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

என் இரண்டாவது நன்றி இங்கிருந்து தொடங்குகிறது.

2020இல் கனடியக் கால்பந்து லீக் வீரர் சங்கத்துக்குத் தலைவரானீர்கள். 1965இல் தொடங்கிய சங்கம். நீங்கள் பொறுப்பேற்ற ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு என்று எல்லாருக்கும் தெரியும். கொரோனாவால் லீக்கின் முழுப் பருவமும் ஆகஸ்ட் 17 அன்று ரத்தானது. ஆட்டம் இல்லையென்றால் சம்பளம் இல்லை. தொலைக்காட்சியில் தெரியும் வீரர்கள் எல்லாரும் கோடீஸ்வரர்கள் என்று நம் வீட்டுப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இந்த லீக்கில் 2022இல்கூடக் குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 65,000 கனடிய டாலர்தான். பருவம் முடிந்ததும் வேறு வேலை பார்த்துக் குடும்பம் நடத்துகிறவர்கள் அதில் நிறைய.

அடிபட்டால் நிலைமை இன்னும் மோசம். சாதாரணத் தொழிலாளிக்கு வேலையில் அடிபட்டால் மாகாண இழப்பீட்டுத் திட்டம் உண்டு. எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் எனக்கு உண்டு. தொழில்முறை விளையாட்டு வீரர்களை அந்தத் திட்டத்துக்கு வெளியே வைத்திருந்தார்கள். 2011இல் உங்களோடு லயன்ஸில் ஆடிய ஆர்லண்ட் புரூஸ், தலையில் பட்ட அடிகளுக்காக லீக்கின் மேல் வழக்குப் போட்டார். நீதிமன்றங்கள் அதன் உண்மை பொய்க்குள் போகவே இல்லை. வீரர் சங்கம் போட்ட கூட்டு ஒப்பந்தத்தின்படிதான் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்றன. 2018இல் கனடிய உச்ச நீதிமன்றமும் அந்த வழக்கைக் கேட்க மறுத்தது. அதன் பொருள் என்ன? ஒரு வீரரின் உடைந்த உடம்புக்கு எது கிடைக்கும் என்பது, அந்த ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்தத் தாளை எழுதும் மேசைக்குத்தான் நீங்கள் போனீர்கள்.

2022 மே மாதம் பழைய ஒப்பந்தம் முடிந்தது. பேச்சு முறிந்தது. ஒன்பது அணிகளில் ஏழு அணிகளின் வீரர்கள் பயிற்சி முகாமுக்குப் போகாமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆல்பர்ட்டா மாகாணச் சட்டத்தின் காரணமாக எட்மன்டன், கால்கரி வீரர்களால் உடனே இறங்க முடியவில்லை. 1974க்குப் பிறகு, நாற்பத்தெட்டு ஆண்டு கழித்து நடந்த வேலைநிறுத்தம் அது. சில நாட்களில் ஓர் உடன்பாடு வந்தது. உங்கள் பேச்சுவார்த்தைக் குழு அதை ஏற்கச் சொல்லி உறுப்பினர்களுக்கு அனுப்பியது. மே 23 அன்று உறுப்பினர்கள் வாக்களித்து அதை நிராகரித்துவிட்டார்கள்.

தன் ஆட்களே தன் கையெழுத்தை ஏற்க மறுக்கும் நாள், எந்தத் தலைவருக்கும் கடினமான நாள். கோபித்துக்கொண்டு ஒதுங்கியிருக்கலாம். உங்களுக்கு இதைவிட நல்லது கிடைக்காது என்று மிரட்டியிருக்கலாம். நீங்களும் உங்கள் குழுவும் மறுபடி மேசைக்குப் போனீர்கள். வேண்டாம் என்று சொன்னவர்களின் சொல்லையும் எடுத்துக்கொண்டு போனீர்கள். மூன்றே நாளில், மே 26 அன்று, திருத்திய ஒப்பந்தம் வாக்கில் வென்றது. ஏழு ஆண்டு ஒப்பந்தம். ஒரே அணியில் தொடர்ந்து ஆட ஒப்புக்கொள்ளும் வீரருக்கு, அவர் சம்பளத்தில் ஒரு பகுதியாவது உறுதி என்ற ஷரத்து அந்த லீக்கின் வரலாற்றில் முதன்முறையாக வந்தது. முன்பு ஓராண்டோடு நின்றுபோன காயச் சிகிச்சைச் செலவு 2019 ஒப்பந்தத்தில் நீண்டிருந்தது. இதில் மேலும் நீண்டது. அந்த உறுதியை அனுபவிக்கப் போகிறவர்கள் உங்களுக்குப் பின்னால் வருகிறவர்கள். நீங்கள் அப்போது ஆட்டத்தை விட்டுவிட்டீர்கள். உங்களுக்குக் கிடைக்காத ஒன்றை மற்றவர்களுக்கு வாங்கிக் கொடுத்தீர்கள்.

இது எனக்கு ஏன் இவ்வளவு பெரிதாகப் படுகிறது என்று சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் மருத்துவமனைத் துப்புரவு வேலையும் சாப்பாட்டு வேலையும் 2000களின் தொடக்கத்தில் வெளி நிறுவனங்களிடம் போயின. சம்பளம் இறங்கியது, பாதுகாப்பு போயிற்று. அந்த வேலைகளில் பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் என்னைப் போல வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள். எங்கள் தொழிற்சங்கம் ஆண்டுக்கணக்கில் விடாமல் போராடியது. 2021 ஆகஸ்டில் மாகாண அரசு, ஏறக்குறைய 4,000 பேரை மறுபடி பொதுத்துறைக்குள் கொண்டுவருவதாக அறிவித்தது. அந்த மாற்றம் ஒவ்வொரு இடமாக நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான் உங்கள் வேலைநிறுத்தச் செய்தி வந்தது.

எங்கள் சாப்பாட்டு அறையில் அதைப் பற்றித்தான் பேச்சு. பிலிப்பைன்ஸ் பெண்கள், பஞ்சாபிப் பெண்கள், நான். கால்பந்து என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்கூட, மே 23 வாக்கு பற்றி என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். தலைவர் கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொல்லலாமா? சொன்னால் தலைவருக்கு மரியாதைக் குறைவு ஆகாதா? நம் ஊர்ப் பக்கத்தில் தலைவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை என்று பழகியவர்கள் நாங்கள். நீங்கள் நடந்துகொண்ட விதம் அதற்குப் பதிலாக இருந்தது. உறுப்பினர் கையைத் தூக்கி மறுத்தால், அது தலைவருக்குக் கொடுக்கும் வேலை. அந்த வேலையை எடுத்துக்கொண்டு போகிறவர்தான் தலைவர். அதற்கு அடுத்து நடந்த எங்கள் சங்கக் கூட்டத்தில், அதுவரை வாயே திறக்காத இரண்டு பேர் எழுந்து நின்று கேள்வி கேட்டார்கள். கேட்டவர்களில் ஒருவர் தமிழச்சி.

சங்கம் என்றால் ஒதுங்கிப்போகும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. வம்பு எதற்கு, வந்த இடத்தில் அடங்கிப் போவோம் என்று சொல்லித்தான் வளர்க்கிறோம். இபாடனில் பிறந்து, லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்து, எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாமல் இந்த நாட்டுக்கு வந்த ஒருவர், இந்த நாட்டின் ஆட்டத்தையே உச்சத்தில் நின்று ஆடிவிட்டு, அதை ஆடுகிறவர்களின் உரிமைக்கும் முன்னால் நின்றார் என்று நம் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். வந்த இடம் நம் இடம் ஆவது அப்படித்தான்.

இந்த நன்றியை வெறும் வார்த்தையாக விட்டுவிட எனக்கு மனமில்லை. வேலையில் அடிபடும் மற்ற எல்லாரையும் போல விளையாட்டு வீரர்களுக்கும் தொழிலாளர் இழப்பீடு வேண்டும் என்பது உங்கள் சங்கம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கோரிக்கை. அதை ஆதரித்து எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். சாப்பாட்டு அறையில் என்னோடு உட்காரும் பெண்களும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இந்த மடலைப் படிக்கிற, இந்த மாகாணத்தில் வாழ்கிற ஒவ்வொரு தமிழரையும் அப்படி ஒரு கடிதம் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நம் வரவேற்பறையில் உட்கார்ந்து யாருடைய ஆட்டத்தைப் பார்த்து மகிழ்கிறோமோ, அவர்களுடைய முழங்காலுக்கும் மூளைக்கும் நாமும் கொஞ்சம் பொறுப்பு.

தடுக்கும் வேலைக்கு மதிப்பு வாங்கிக் கொடுத்தீர்கள். கிடைத்த மதிப்பை மற்றவர்களுக்காகச் செலவழித்தீர்கள். உங்களுக்கும், உங்களை வளர்த்த பெற்றோருக்கும், நீங்கள் சாய்ந்து கிடந்த ஆண்டில் உங்களைத் தாங்கிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நீங்கள் நலமாக, நீண்ட ஆயுளோடு வாழ வேண்டும்.



சர்ரேயிலிருந்து ஒரு மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்